"யூனிட் 3 படிக்கணும்" என்று எழுதி வைத்தால் என்ன ஆகும்?

படிப்பில் கவனம் நிற்க மாட்டேன் என்கிறது என்று ஒரு கல்லூரி மாணவர் சொன்னால், எல்லாரும் முதலில் கேட்பது போனைப் பற்றித்தான். கேட்க வேண்டிய கேள்வி வேறு. இன்று ராத்திரி என்ன படிக்கப் போகிறாய்? "ஓஎஸ், யூனிட் 3" என்று பதில் வரும். சிக்கல் அந்தப் பதிலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

"யூனிட் 3" என்பது ஒரு பகுதியின் பெயர். அதை வைத்துக்கொண்டு கையால் என்ன செய்வது என்று அதில் எங்கும் சொல்லவில்லை. எங்கே ஆரம்பிப்பது, எது வந்தால் முடிந்தது, சரியாகத்தான் செய்தோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது, எதுவுமே இல்லை. புத்தகத்தைத் திறந்ததும் மனம் இந்த மூன்றையும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அது அலுப்பான வேலை. அந்த அலுப்பு தட்டும் நொடியில்தான் கை போனைத் தேடிப் போகிறது. போன் இல்லாத காலத்தில் ஜன்னலுக்கு வெளியே போனது, மெஸ்ஸில் இன்றைக்கு என்ன என்று பார்க்கப் போனது. அலைபாயும் மனசுக்காரர்களுக்கு மற்றவர்களைவிட இந்த நொடி கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே முதல் வேலை, உட்காருவதற்கு முன்பே அந்த முடிவுகளை எடுத்து வைத்துவிடுவது. அதே ஆபரேட்டிங் சிஸ்டம்ஸில் மெமரி மேனேஜ்மென்ட் யூனிட்டை எடுத்துக்கொள்வோம். தாளில் இப்படி எழுதலாம்: "7, 0, 1, 2, 0, 3, 0, 4, 2, 3, 0, 3, 2, 1, 2, 0, 1, 7, 0, 1. இந்த ரெஃபரன்ஸ் ஸ்ட்ரிங்கை 3 ஃபிரேமில் ஃபிஃபோ, எல்ஆர்யூ, ஆப்டிமல் மூன்றிலும் போடணும். பேஜ் ஃபால்ட் முறையே 15, 12, 9 வரணும்." பாடப்புத்தகங்களில் அடிக்கடி வரும் கணக்கு இது: பேஜ்கள் இந்த வரிசையில் கேட்கப்படும்போது, மூன்று இடம் (ஃபிரேம்) நிறைந்ததும் எதை வெளியே தள்ளுவது என்று பார்க்க வேண்டும். முதலில் வந்ததைத் தள்ளினால் ஃபிஃபோ, வெகுநேரம் பயன்படாததைத் தள்ளினால் எல்ஆர்யூ, இனி வெகுநேரம் தேவைப்படாததைத் தள்ளினால் ஆப்டிமல். கேட்ட பேஜ் உள்ளே இல்லாமல் போனால் அது ஒரு பேஜ் ஃபால்ட். இதில் பேனா எங்கே வைப்பது என்று தெரியும். விடை தப்பினால் உடனே தெரியும். ஃபிஃபோவில் 12 வந்தால் முதல் மூன்று ஃபால்ட்டை எண்ணாமல் விட்டிருப்பீர்கள். எல்ஆர்யூவிலும் 15 வந்தால், ஃபிரேமில் ஏற்கெனவே இருக்கும் பேஜ் மறுபடி கேட்கப்படும்போது அதைச் 'சமீபத்தில் பயன்பட்டது' என்று புதுப்பிக்காமல் விட்டிருப்பீர்கள். அப்படி விட்டால் எல்ஆர்யூ அப்படியே ஃபிஃபோவாகிவிடும். தப்பைத் தேடிக் கண்டுபிடிக்கும் இந்த வேலையில் ஒரு சின்ன துப்பறியும் ருசி இருக்கிறது. கவனம் தானாக நிற்பது இந்த ருசியில்தான். வெறுமனே வாசிக்கும்போது அது கிடைப்பதில்லை.

கணக்கு என்றால் "மேட்ரிசஸ்" என்று எழுதாமல், "கேலி-ஹாமில்டன், 3க்கு 3 மேட்ரிக்ஸ், மூன்று கணக்கு, நோட்டைப் பார்க்காமல்" என்று எழுதுங்கள். மேட்ரிக்ஸின் சிறப்புச் சமன்பாட்டை எழுத மூன்று எண் வேண்டும்: எஸ்1 மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டல், எஸ்2 மூலைவிட்ட உறுப்புகளின் மைனர்களின் கூட்டல், எஸ்3 டிட்டர்மினன்ட். இந்தக் கணக்கில் பெரும்பாலானோர் சறுக்குவது எஸ்2-இல் ஏதாவது ஒரு மைனரின் குறியில். கடைசியில் மேட்ரிக்ஸை அந்தச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் பூஜ்ய மேட்ரிக்ஸ் வர வேண்டும். வரவில்லை என்றால் முதலில் எஸ்2-ஐப் பாருங்கள். பி.காம் மாணவருக்கு இதுவே பேங்க் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட், அதாவது நம் கேஷ் புக் இருப்பையும் வங்கியின் பாஸ் புக் இருப்பையும் ஒத்துப் பார்ப்பது. கேஷ் புக் இருப்பிலிருந்து ஆரம்பித்தால், கொடுத்தும் வங்கிக்கு வராத செக்கைக் கூட்ட வேண்டும், போட்டும் வசூலாகாத செக்கைக் கழிக்க வேண்டும். பாஸ் புக் இருப்பிலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் தலைகீழ். ஒரே கணக்கை இரண்டு பக்கமிருந்தும் போட்டு, ஒன்றின் விடை இன்னொன்றின் ஆரம்ப இருப்பாக வருகிறதா என்று பார்ப்பது ஒரு மணி நேரத்துக்குத் தாராளமான வேலை.

தியரி பாடங்களுக்கு இப்படி விடை எண் கிடைக்காது என்பது உண்மை. அங்கே கேள்விதான் அளவுகோல். பழைய கேள்வித்தாளிலிருந்து ஒரு 13 மார்க் கேள்வியை எடுத்து, அதற்கு எத்தனை உள்தலைப்பு, எந்தப் படம், எந்த உதாரணம் என்று முன்கூட்டியே எண்ணிக்கை வைத்துக்கொள்ளுங்கள். "ஆறு உள்தலைப்பு, ஒரு படம்" என்று எழுதியிருந்தால், நாலு வந்து நின்றபோது இரண்டு பாக்கி என்று தெரியும்.

25 நிமிடமும் 13 மார்க்கும்

1980களின் பிற்பகுதியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றை வைத்துப் படிக்க ஆரம்பித்தார். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்ததும் 15 முதல் 30 நிமிடம் நீண்ட ஓய்வு. இத்தாலியில் தக்காளிக்குப் 'பொமொடோரோ' என்று பெயர். முறைக்கும் அதுவே பெயராயிற்று. இதைப் பற்றி எழுதாத ஆளில்லை, டவுன்லோட் பண்ண ஆப்புக்கும் பஞ்சமில்லை. ஆனால் நம் தேர்வுக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் 2021 ரெகுலேஷன் (பாடத்திட்ட, தேர்வு விதிமுறை) தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து டூ மார்க்ஸ், ஐந்து 13 மார்க், ஒரு 15 மார்க். மொத்தம் 100 மார்க், மூன்று மணி நேரம். ஒரு மார்க்குக்கு 1.8 நிமிடம் விழுகிறது. அப்படியானால் ஒரு 13 மார்க் கேள்விக்கு 23 நிமிடம் சொச்சம். ஒரு தக்காளிச் சுற்றுக்குள் ஒரு 13 மார்க் கேள்வியை எழுதி முடித்து, விட்டுப்போனதை ஒரு நிமிடம் புரட்டிப் பார்க்கவும் முடியும். ஒரு டூ மார்க்குக்கு மூன்றரை நிமிடம். ஆகவே ஒரு சுற்றில் ஏழு. வெறும் நேரத்தை எண்ணுவதைவிட இப்படிக் கேள்வியை எண்ணினால் கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் பழக்கமும் குறையும், தேர்வு அறையில் வேகமும் வரும்.

எல்லாவற்றுக்கும் 25 பொருந்தாது. புரோகிராம் எழுதும்போது, நீளமான டிரைவேஷன் போடும்போது, பாதியில் மணி அடித்தால் கட்டி வைத்ததெல்லாம் சரிந்துவிடும்; அங்கே 50 நிமிடம், 10 நிமிட ஓய்வு. மறுபக்கம், பல மாதமாகப் புத்தகமே தொடாதவருக்கு 25-உம் மலை. அவர் 10 நிமிடத்தில் ஆரம்பிக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்று நாள் 10 நிமிடம் சிதறாமல் உட்கார முடிந்தால் 15 ஆக்குங்கள். முதல் நாளே நாலு மணி நேரம் என்று டைம் டேபிள் போட்டு வண்ணப் பேனாவால் கட்டம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாம் நாள் அந்தத் தாளையே தொலைத்துவிடுகிறார்கள்.

ஓய்வு நேரத்தில் என்ன செய்வது என்பதில்தான் இந்த முறை உடைகிறது. ஐந்து நிமிட ஓய்வில் ரீல்ஸ் பார்த்தால் அது ஐந்து நிமிடத்தில் முடியாது என்பது ஒரு பக்கம். முடிந்தாலும் மனம் அதிலேயே பாதி ஒட்டிக்கொண்டிருக்கும். 2009-இல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் இதற்குக் 'கவன மிச்சம்' என்று பொருள்படும் பெயரை வைத்தார். ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால், முந்தையதன் மிச்சம் அடுத்ததன் தரத்தைக் குறைக்கிறது என்று அவர் சோதனையில் கண்டார். ரீல்ஸுக்கு முடிவு என்ற ஒன்றே கிடையாது. எங்கே விட்டாலும் பாதியில்தான் விட்டதாகும். ஆகவே ஓய்வு என்றால் தண்ணீர் கேன் வரை நடந்து பாட்டிலை நிரப்புவது, மாடியில் ஒரு சுற்று, காயப்போட்ட துணியை மடிப்பது. முடியக்கூடிய சின்ன வேலை எதுவானாலும் சரி.

போனை எங்கே வைப்பது

2017-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் வார்டும் கூட்டாளிகளும் மாணவர்களைச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்குப் போன் மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தது, இன்னொரு குழுவுக்குப் பையிலோ பாக்கெட்டிலோ, மூன்றாம் குழுவுக்கு வேறு அறையில். எல்லாப் போனும் சைலன்ட். வேறு அறையில் வைத்தவர்கள், மேஜைமேல் வைத்தவர்களைவிட நினைவுத்திறன் சோதனையில் நன்றாகச் செய்தார்கள். பின்னால் இதே சோதனையைத் திரும்பச் செய்த சிலருக்கு இந்த வித்தியாசம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2015-இல் ஃபுளோரிடாவில் நடந்த இன்னொரு ஆய்வில், நோட்டிஃபிகேஷன் வந்ததை எடுத்துப் பார்க்காதவர்களுக்கும் செய்துகொண்டிருந்த வேலையில் தவறு கூடியது.

ஆய்வுகள் எப்படியிருந்தாலும், தூரத்துக்கு ஒரு எளிய பயன் உண்டு. கை எட்டும் இடத்தில் இருந்தால் எடுக்க ஒரு நொடி, அதுவும் யோசிக்காமல். எழுந்து நாலடி நடந்து, பூட்டைத் திறக்க வேண்டும் என்றால் நடுவில் "எதற்காக எழுந்தோம்" என்ற கேள்வி வர இடம் கிடைக்கிறது.

வீட்டிலிருந்து வருகிறவர்கள் போனைச் சமையலறையில் ஃப்ரிட்ஜ் மேல் வைக்கலாம். ஹாஸ்டலில் 'வேறு அறை' என்று ஒன்று இல்லை. அங்கே கட்டிலுக்கு அடியிலிருக்கும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை ரூம் மேட் கையில் கொடுப்பது ஒரு வழி. இருவரும் படிக்கிறவர்கள் என்றால் போனை மாற்றி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. அவர் போன் உங்கள் மேஜையில் கிடந்தால் என்ன, பாஸ்வேர்டு தெரியாத போன் செங்கல்லுக்குச் சமம். சாயங்காலம் அம்மா கூப்பிட்டு எடுக்காவிட்டால் வீடே பதறும் என்பது நியாயமான கவலை. 'டோன்ட் டிஸ்டர்ப்' அமைப்பில் வீட்டு எண்களை மட்டும் ஸ்டார் போட்டு அனுமதித்து, ஒலியை முழுதாக வைத்துவிடுங்கள். பெட்டிக்குள்ளிருந்தாலும் அந்த ஒரு அழைப்பு கேட்கும். மற்றது எதுவும் கேட்காது.

போனை அருகில் வைக்கச் சொல்லும் சாக்குகள் மூன்று. மணி பார்க்கணும்: ஒரு சாதாரண டேபிள் கிளாக் வாங்குங்கள், அலாரத்துக்கும் அதுவே ஆகும். காலையில் அலாரத்தை அணைக்க எடுத்த போன் அரைமணி நேரம் கையை விட்டு இறங்காத கதையும் அதோடு முடியும். கால்குலேட்டர் வேணும்: சயின்டிஃபிக் கால்குலேட்டரைத் தேர்வு அன்றைக்கு மட்டும் பையிலிருந்து எடுக்கிறவர்கள், டிகிரி மோடுக்கும் ரேடியன் மோடுக்கும் நடுவே அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள், தினமும் அதிலேயே போட்டுப் பழகுவது இரட்டை லாபம். நோட்ஸ் பிடிஎஃப்பாகப் போனில்தான் இருக்கிறது: இது கொஞ்சம் உண்மையான சாக்கு. ஆனால் ஒரு யூனிட் முப்பது பக்கம் என்றாலும், இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்தால் பதினைந்து தாள். கேன்டீனில் ஒரு டீ, இரண்டு வடைக்கு ஆகும் காசோடு கொஞ்சம் சேர்த்தால் போதும். ஓரத்தில் எழுத இடமும் கிடைக்கும்.

ஆப்புகளுக்கு நேரக்கட்டுப்பாடு போடுவதில் பலருக்கு நம்பிக்கை அதிகம். ஆண்ட்ராய்டின் டிஜிட்டல் வெல்பீயிங்கில் 30 நிமிடம் என்று போட்டவர், 31-ஆம் நிமிடம் தானே போய் அதை எடுத்துவிடுவார். பூட்டும் அவர் கையில், சாவியும் அவர் கையில். ஐபோனின் ஸ்கிரீன் டைமுக்குப் பாஸ்கோட் உண்டு, அதை நண்பர் போட்டால் கொஞ்சம் பலன் தெரியும். இவற்றைவிட ஆப்பையே நீக்கிவிட்டு, தேவைப்படும்போது பிரவுசரில் பாஸ்வேர்டு அடித்து உள்ளே போவது அதிகம் உதவும். தடை என்று சொல்ல முடியாது, வேகத்தடை.

யூடியூபை இப்படி நீக்க முடியாது, பாதிப் பாடம் அதில்தான் நடக்கிறது. அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. வாட்ச் ஹிஸ்டரியை அணைத்து, பழையதையும் அழித்துவிட்டால் முகப்புப் பக்கத்தில் பரிந்துரைகள் வராது. 2023 ஆகஸ்டிலிருந்து அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். தேடும் பெட்டி மட்டும் இருக்கும். எதைத் தேட வந்தோம் என்பதை முதலில் தாளில் எழுதிவிட்டு அதை அடியுங்கள். ஓடும் வீடியோவுக்குப் பக்கத்தில் வரும் வரிசை அப்போதும் இருக்கும் என்பதால் முழுத்திரையில் பாருங்கள். என்பிடெல் (ஐஐடி ஆசிரியர்களின் ஆன்லைன் பாடங்கள்) மாதிரி ஒரு மணி நேர வகுப்பை ஒரே மூச்சில் பார்ப்பது படித்தது மாதிரி ஒரு மிதப்பைத் தரும், அவ்வளவே. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, போர்டில் ஆசிரியர் போட்டதைப் பார்க்காமல் போட்டுப் பாருங்கள். வராது. அந்த வராத இடத்திலிருந்துதான் பாடம் ஆரம்பிக்கிறது.

வகுப்பு வாட்ஸ்அப் குரூப் தனி ரகம். நூறு மீமுக்கு நடுவில் "நாளைக்கு அசைன்மென்ட் லாஸ்ட் டேட்" என்று ஒரே ஒரு வரி வரும், அதற்குப் பயந்தே எல்லாரும் நாள் முழுக்கக் குரூப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள். இது தனி ஒருவர் தீர்க்கிற சிக்கல் கிடையாது. சிஆரிடம் (வகுப்புப் பிரதிநிதி) சொல்லி, அட்மின் மட்டும் எழுதக்கூடிய அறிவிப்புக் குரூப் ஒன்றைத் திறக்க வையுங்கள். அரட்டைக் குரூப்பை மியூட் செய்து ஆர்க்கைவில் போட்டுவிடலாம். அறிவிப்பை மதியம் ஒருமுறை, இரவு ஒன்பதுக்கு ஒருமுறை பார்த்தால் எந்த அசைன்மென்ட்டும் தப்பாது.

போனில்லாமலும் சிதறுகிறதே?

சிதறும். கவனத்தை இழுக்கும் பாதி சமாச்சாரம் மண்டைக்குள்தான் ஓடுகிறது. ஃபீஸ் ரசீது எங்கே வைத்தோம், அவன் ஏன் அப்படிப் பேசினான், ஊருக்கு டிக்கெட் போட்டாயிற்றா. இதற்கு ஒரு தாள் போதும். மேஜையின் இடது ஓரத்தில் ஒரு வெற்றுத்தாள், தலைப்பு "அப்புறம்". படிக்கும்போது எட்டிப் பார்க்கும் எதையும் அதில் இரண்டு சொல்லில் எழுதிவிட்டுத் திரும்ப வேண்டும். "டிக்கெட், 9 மணி" என்று எப்போது செய்வது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் பலன் அதிகம். முடியாத வேலை மனதை நச்சரிப்பதை, எப்போது எப்படிச் செய்வது என்று திட்டம் போடுவதே பெரும்பாலும் அடக்கிவிடுகிறது என்று மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் 2011-இல் காட்டினார்கள். வேலையை முடித்திருக்க வேண்டியதில்லை, திட்டமே போதுமானதாயிருந்தது. அந்தத் தாளிலேயே, மனம் ஓடிப்போனதை உணரும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடுங்கள். முதல் நாள் 25 நிமிடத்தில் பதினைந்து கோடு விழலாம். தன்னைத் திட்டிக்கொள்வதற்கு அல்ல இந்தக் கோடுகள்; எந்தப் பாடத்தில், எந்த நேரத்தில் கோடு அதிகம் என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டரை மணிக்கு தியரி வாசிப்பில் கோடு குவிந்தால், அந்த நேரத்துக்கு ரெக்கார்டு நோட் எழுதுவதையோ கிராஃப் போடுவதையோ தள்ளிவிட்டு, கடினமானதைக் காலைக்கு மாற்றலாம்.

வாசிப்பிலேயே சிதறல் அதிகம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. கண் வரிமேல் ஓட, மனம் வேறெங்கோ ஓட, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க முடியும். எழுதும்போது அப்படி முடியாது. மஞ்சள் மார்க்கரால் கோடு போடுவது எழுதுவதில் சேராது. பக்கம் முழுக்க மஞ்சளான புத்தகம் வைத்திருப்பவரிடம் மூடிவிட்டு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் செய்த சோதனை இந்த விஷயத்தில் மிக முக்கியமானது. ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே மேல்: அவர்களுக்கு 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து நிலைமை புரண்டது. படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. தேர்வுக்கு முந்தின ராத்திரி படித்தது அடுத்த செமஸ்டரில் சுத்தமாக இல்லாமல் போவதும், "நேத்து நல்லாத் தெரிஞ்சுதே" என்ற புலம்பலும் இந்தக் கணக்கில் அடங்கிவிடுகின்றன.

செய்முறை எளிது. இரண்டு பக்கம் படிக்க வேண்டும். மூட வேண்டும். ஒரு ரஃப் நோட்டில் நினைவுக்கு வந்ததை எழுத வேண்டும். திறந்து, விட்டதைச் சிவப்புப் பேனாவால் சேர்க்க வேண்டும். அடுத்த நாள் சிவப்பில் இருப்பதை மட்டும் மறுபடி எழுதிப் பார்க்க வேண்டும், பிறகு மூன்றாம் நாள், பிறகு ஒரு வாரம் கழித்து. டூ மார்க்ஸுக்கு அட்டைகளே சரி: முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டினாலும் அட்டைதான். தெரிந்ததைப் பின் கட்டுக்கும் தெரியாததை முன் கட்டுக்கும் மாற்றிக்கொண்டே வந்தால் ஒரு யூனிட்டின் இருபத்தைந்து டூ மார்க்ஸ் காலேஜ் பஸ் பயணத்திலேயே முடியும். பஸ்ஸில் சிதறுகிறவருக்கு இதுதான் ஏற்றது, ஒவ்வொரு அட்டையும் அரை நிமிட வேலை.

அரியர் விழும் இடம்

சிதறும் மனசுக்காரருக்கு எதிரி பாடத்தின் கடினம் என்பதைவிடத் தேர்வின் தூரம் என்றுதான் சொல்ல வேண்டும். நவம்பர் தேர்வு ஆகஸ்டில் கண்ணுக்குத் தெரியாது. அருகில் இருப்பது மட்டுமே இவர்களை இழுக்கும் என்றால், தேர்வை அருகில் கொண்டுவந்துவிட வேண்டியதுதான். இன்டர்னல் அதற்கென்றே இருக்கிறது, ஆனால் அதைத்தான் அலட்சியம் செய்கிறார்கள்.

2021 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. பாஸாக மொத்தத்தில் 50, அதோடு செமஸ்டர் தேர்வில் குறைந்தது 45 சதவீதம். (தன்னாட்சிக் கல்லூரிகளில் கணக்கு மாறும், உங்கள் ரெகுலேஷனைப் பாருங்கள்.) இன்டர்னலில் 30 எடுத்தவர் செமஸ்டர் தாளில் நூற்றுக்கு 45 எடுத்தால் 27 சேர்ந்து 57, பாஸ். இன்டர்னலில் 15 எடுத்தவருக்கு இன்னும் 35 வேண்டும், அதாவது அதே தாளில் நூற்றுக்கு 59. படிப்புப் பழக்கமே இல்லாதவர், ஸ்டடி ஹாலிடேஸில் ஐந்து பாடத்தோடும் மல்லுக்கட்டும்போது, இந்தப் பதினான்கு மார்க் வித்தியாசம்தான் அரியரைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு இன்டர்னலுக்கும் முந்தைய பத்து நாளைக் குட்டி செமஸ்டராக நடத்தினால், தூரத்துத் தேர்வு என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும்.

கம்பைன் ஸ்டடி பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பேர் என்றால் படிப்பு, மூன்று என்றால் சமாளிக்கலாம், நான்கு என்றால் அது வேறு நிகழ்ச்சி. பாடத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டில் எப்போதும் ஒரு ஓட்டை இருக்கும்: தான் படித்த பாதி மட்டும் தெரியும். இருவரும் முழுதும் படித்துவிட்டு வந்து, ஒருவர் கேட்க மற்றவர் வெற்றுத்தாளில் போடுவதுதான் சரி. பேசாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பதும் அலைபாயும் மனத்துக்கு ஆச்சரியமாக உதவும். சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ, 2023-இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் தெரியும், சுற்றிலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் முதுகுகள். அந்த நடுவில் போனை எடுக்கக் கூச்சமாயிருக்கும். உள்ளூர்க் கிளை நூலகமும் இதே வேலையைச் செய்யும், மின்விசிறி ஓடும் மேஜையாகப் பார்த்து உட்கார வேண்டும்.

உடம்பு

நைட் அவுட் போடுவதில் ஒரு வீரம் இருப்பதாக ஹாஸ்டல்களில் நினைப்பு. படித்ததை மூளை கெட்டிப்படுத்துவது தூக்கத்தில். அதை வெட்டினால் அடுத்த நாள் கவனமும் போகும், நேற்றையதும் போகும். காபியில் உள்ள கஃபீன் உடலில் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். இரவு பத்துக்குக் குடித்த காபியில் பாதி, அதிகாலை மூன்றுக்கும் உள்ளே இருக்கும். காபியைச் சாயங்காலம் நாலோடு நிறுத்திக்கொண்டு, பதினொன்றுக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுவது, இரண்டு மணி வரை விழிப்பதைவிட எந்த வகையிலும் குறைவில்லை. அந்த விடியற்காலையில் ஹாஸ்டலில் சத்தமும் இருக்காது.

இதையெல்லாம் மாதக் கணக்கில் ஒழுங்காகச் செய்தும் கவனம் நிற்கவில்லை என்றால், சோம்பேறி என்று பட்டம் கட்டுவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள். ரத்தசோகையிலும் தைராய்டு கோளாறிலும் களைப்பும் கவனக்குறைவும் சகஜம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ஹீமோகுளோபின் சோதனைக்குப் பெரிய செலவும் இல்லை. மனச்சோர்விலும் முதலில் போவது கவனம்தான். ஏடிஹெச்டி என்னும் கவனக்குறைபாட்டுக்குச் சில அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், வகுப்பில் மட்டுமல்லாமல் வீட்டிலும் மற்ற இடத்திலும் இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் பார்க்கும் அளவுகோல். மூன்று ரீல்ஸ் பார்த்துத் தனக்குத்தானே முடிவு கட்டுவதும் தப்பு, நண்பனின் மாத்திரையை வாங்கி விழுங்குவது அதைவிடப் பெரிய தப்பு. மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

புத்தகத்தை மூடும் விதம்

கடைசியாக, பெரும்பாலானோர் கவனிக்காத ஐந்து நிமிடம். படிப்பை முடிக்கும்போது பாடத்தின் விளிம்பில், "அப்பாடா" என்று ஒரு தலைப்பு முடிந்த இடத்தில் நிறுத்தினால், மறுநாள் புதிதாக ஆரம்பிக்கும் அலுப்பு மறுபடி வாசலில் நிற்கும். ஒரு கணக்கை எடுத்து, கொடுத்த விவரங்களை எழுதி, முதல் படியைப் போட்டுவிட்டு நிறுத்துங்கள். அதற்கு அடியில் நாளைய வேலையை ஒரே வரியில் எழுதுங்கள்: "மாலை 6:30, டேபிளில் உட்கார்ந்ததும், இந்தக் கணக்கின் இரண்டாம் படி." நேரம், இடம், செயல் மூன்றும் அதில் இருக்க வேண்டும், "நாளைக்குத் தொடரணும்" என்று எழுதினால் பழைய "யூனிட் 3 படிக்கணும்" வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டது என்று பொருள். பேனாவை அந்தப் பக்கத்திலேயே வைத்து நோட்டை மூடி, மேஜையில் மற்ற எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுங்கள். இடையில் ஒரு வாரம் ஊருக்குப் போய், கல்யாணம், காய்ச்சல் என்று விட்டுப்போனாலும் போனதைச் சரிக்கட்டப் புது டைம் டேபிள் போட உட்கார வேண்டாம். நோட்டைத் திறந்தால் பேனா இருக்கும் இடத்தில் இரண்டாம் படி காத்திருக்கும்.